தும்புத்தடி வானுக்கு முன்னால்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த மழை என்னால் வந்தது.

சிரிக்க வேண்டாம். செப்ரெம்பர் மாதம், சனிக்கிழமை, காலை ஆறு மணி. மொன்றியலின் அஹுன்ட்சிக்கில் எங்கள் கோயில் வாசலில் இருபத்திரண்டு சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. முகில் இருக்கும், அங்கொன்று இங்கொன்றாகத் தூறும் என்றுதான் வானொலியில் சொல்லியிருந்தார்கள். நான் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, 'மாதாவே, கொஞ்சம் மழை தாரும். பெரிதாக வேண்டாம், என் மனைவி சைக்கிளை விட்டு நான் ஓட்டும் வானில் ஏறும் அளவுக்குப் போதும்' என்று மனதுக்குள் மன்றாடினேன். மாதாவுக்குத் தாராள மனசு. நான் கேட்டது ஒரு கரண்டி, அவ ஊற்றியது ஒரு பானை.

என் பெயர் அல்பேட். மனைவி றோசலினுக்கு வயது ஐம்பத்துநான்கு. கோட்-டெ-நெய்ஜில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தொரு வருடமாகத் தரை துடைக்கிறாள். ஒரு மாட்டுக்கன்று அளவு மெஷின், அதைத் தள்ளிக்கொண்டு ஒரு நாளைக்கு நான்கு மாடி. பிரெஞ்சை அவள் வகுப்பில் படித்ததைவிடக் கட்டிலில் கிடந்த நோயாளிகளிடம் படித்ததுதான் அதிகம். அதனால் நல்ல சொல்லும் வரும், கெட்ட சொல்லும் வரும். இந்த ஊரில் கெட்ட சொல் எல்லாம் கோயில் சாமான்களின் பெயர். ஒருநாள் காலில் வாளி விழுந்து அவள் "தபர்நாக்!" என்று கத்த, நான் பயந்துபோய்ச் சிலுவை போட்டேன்.

"நற்கருணைப் பேழையை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறீர்?" என்று கேட்டேன்.

"இழுத்தாத்தான் நோவு குறையுது," என்றாள்.

அப்படிப்பட்டவளுக்கு இரண்டு வருடத்துக்கு முன் மார்பில் புற்றுநோய் வந்தது. தான் துடைத்துப் பளபளப்பாக்கிய அதே தரையில் அவளைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோனார்கள். முதலில் சத்திரசிகிச்சை, பிறகு ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் முழுக்கக் கொட்டி, பிறகு சுருட்டையாக முளைத்தது. போன வருடம் டொக்டர் எல்லாம் சரி, பழைய வேலைக்கே போகலாம் என்று கையெழுத்து வைத்துவிட்டார். வைக்காதவன் நான் ஒருவன்தான்.

என்னைக் குறை சொல்லுங்கள், சொல்ல இடமிருக்கிறது. அரிசிப் பையைத் தூக்க விடமாட்டேன். மெற்றோவில் போகவிடாமல் வேலைக்குக் காரில் கொண்டுபோய் இறக்குவேன். ஒரு நாளைக்கு ஐந்து தரம் "என்ன செய்யுது?" என்று கேட்பேன். எங்கள் மகள் ஜெசிக்கா, "பாப்பா, அம்மாவை மூச்சுவிட விடுங்கோ," என்று பிரெஞ்சில் பாதியும் தமிழில் பாதியுமாகத் திட்டுவாள். எனக்குப் பயம், அவ்வளவுதான். அந்த வெள்ளைச் சுவர் அறையில் பெயர் கூப்பிடும்வரை கதிரையில் இருந்தவனுக்குத் தெரியும் அந்தப் பயம்.

றோசலின் என்ன செய்தாள்? யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற இடத்தில் ஒரு நீலச் சைக்கிளை வாங்கிவந்தாள். மறுநாளே அதில் ஏறி வேலைக்குப் போனாள். என் காரில் இருந்து தப்புவதற்குத்தான் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் விளங்கியது.

அந்தச் சைக்கிளோடுதான் அவள் எங்கள் கோயில் சைக்கிள் கூட்டத்தில் சேர்ந்தாள். அதன் தலைவர் நீக்கிலாப்பிள்ளை அண்ணை. அறுபத்தாறு வயது, தபால் கந்தோரில் வேலைசெய்து இளைப்பாறியவர், விதிமுறை எழுதாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செமிக்காது. மொன்றியலில் இருந்து கப்-டெ-லா-மடலேன் மாதா கோயில்வரை, ஆற்றை ஒட்டிய வீதியால், நூற்றைம்பது கிலோமீற்றர், ஒரே நாளில் ஓட வேண்டும். ஓட்டத்தின் பெயரே 'நூற்றைம்பது'. விதிகளை ஒரு தாளில் அடித்து எல்லாருக்கும் கொடுத்திருந்தார்.

கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வான் வரும். களைத்தவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு வருவதால் இங்கத்தைய ஆட்கள் அப்படியான வாகனத்தைத் தும்புத்தடி வண்டி என்கிறார்கள். அடையாளத்துக்கு அதன் பின்பக்கத்தில் ஒரு தும்புத்தடி, அதுதான் நீளப் பிடி போட்ட விளக்குமாறு, கட்ட வேண்டும். எங்கள் வீட்டுத் தும்புத்தடியைத்தான் கட்டினோம். சைக்கிள்கள் ஆறு மணிக்கு, வான் ஏழு மணிக்கு. வான் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடும், பேர்த்தியேவில்லில் மதியம் ஒரு மணித்தியாலம் நிற்கும். அது உங்களை முந்தினால் கதை முடிந்தது, சைக்கிளை ஏற்றிவிட்டு நீங்களும் ஏற வேண்டும். மற்றபடி வான் எங்கேயும் நிற்கக்கூடாது. விலக்கு இரண்டே இரண்டு: சில்லுக்குக் காற்றுப் போனால் நிற்கலாம், செபத்துக்காக நிற்கலாம்.

வான் ஓட்ட ஆள் வேண்டும் என்று கேட்டபோது முதலில் கையை உயர்த்தியவன் நான். ஏன் என்று றோசலினுக்கு உடனே விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இஞ்சருங்கோ, ஒரு கதை கதைப்பம். நான் உங்கட வானிலை ஏறினா, நீங்கள் கேக்கிற மாதிரி வேலையை விடுறன். வீட்டிலை இருந்து ரீவி பாக்கிறன். ஏறாமல் ஓடி முடிச்சா, பேந்து ஒருநாளும் என்னை நோயாளியா நடத்தப்படாது. சம்மதமோ?"

"சம்மதம்."

"மாதா மேலை சொல்லுங்கோ."

"மாதா மேலை," என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம். நூற்றைம்பது கிலோமீற்றர் என்ன விளையாட்டா?

ஆனால் அன்று காலை அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் என் சந்தோசம் ஆடிப்போனது. நீலச் சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சுருட்டைமயிரை உள்ளே தள்ளித் தொப்பியை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். சுவாமி ஒவ்வொரு சைக்கிளுக்கும் தீர்த்தம் தெளித்தார். படம் பிடித்தார்கள். வெளிக்கிடப்போகும் நேரம் நான் முன்னுக்குப் போய், "சுவாமி, நீண்ட பயணம், ஒரு ஜெபமாலை சொல்லிப்போட்டு விடுவமே?" என்று கேட்டேன்.

எங்கள் சனத்தில் ஜெபமாலை வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? ஐம்பத்துமூன்று மணியும் சொன்னார்கள். எல்லாரும் நல்ல பயணத்துக்காக மன்றாடினார்கள், நான் மழைக்காக மன்றாடினேன். ஆறு மணிக்குப் போகவேண்டிய சைக்கிள்கள் ஆறு ஐம்பதுக்குப் போயின. விதி விதிதான் என்று நீக்கிலாப்பிள்ளை அண்ணை சொல்லிவிட்டார், வான் ஏழுக்கே வெளிக்கிட்டது. அவர்களுக்கு இருந்த ஒரு மணித்தியாலம் பத்து நிமிடமாய்ப் போனது. வெயில் நாளென்றால் யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள்.

ரெப்பன்டினி தாண்டும்போது முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. லவால்ட்றியில் வானமே உடைந்தது. தெற்கே எங்கோ அடித்த புயலின் வால் ஆற்றோடு ஏறி வருகிறதாம், வானொலிக்காரர் இப்போதுதான் கண்விழித்தவர்போலச் சொன்னார். எட்டுப் பாகை குளிர். வைப்பரை எவ்வளவு வேகமாகப் போட்டாலும் முன்னால் போகும் சைக்கிள்களின் சிவப்பு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

அப்போது பாருங்கள், எங்கள் ஆட்களின் அன்பு வீதியில் இறங்கியது. மழை என்று கேள்விப்பட்டதும் பெண்சாதிமார், மச்சான்மார், மாமிமார் எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். துவாய், பிளாஸ்கில் கோப்பி, மீன் வைத்துச் சுட்ட பணிஸ். சைக்கிளுக்குப் பக்கத்தில் காரைக் கொண்டுபோய், "ஐயோ ராசா, தடிமன் வரப்போகுது, ஏறப்பன்!" என்று கெஞ்சினார்கள். ஒரு மாமி தன் மருமகனை நடுவீதியிலேயே துவாயால் போர்த்திப் பிடித்து இழுத்து ஏற்றினார். மழை தோற்கடித்தது நாலு பேரை, பிளாஸ்க் தோற்கடித்தது பத்துப் பேரை. பேர்த்தியேவில்லுக்கு மதியம் வந்து சேர்ந்தபோது எட்டுச் சைக்கிள்தான் மிச்சம்.

அந்த எட்டில் ஒன்று நீலச் சைக்கிள்.

அந்த ஊர்க் கோயில் மண்டபத்தில் அவள் சப்பாத்தைக் கழற்றி, அதற்குள் இருந்த தண்ணீரைப் பூச்சாடியில் ஊற்றினாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன. நான் ஒரு மீன் பணிஸைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வழக்கம்போல, "என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"பணிஸ் செய்யுது," என்று வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னாள். "இன்னொண்டு தாங்கோ."

பன்னிரண்டரைக்கு எட்டுப் பேரும் புறப்பட்டார்கள். ஒரு மணிக்கு நான் புறப்பட்டேன். வானுக்குள் என்னோடு மிஞ்சியிருந்தவன் றெக்ஸ், முப்பத்தைந்து வயது ஆம்பிளை. ஒரு விரலால் தூக்கக்கூடிய சைக்கிள், உடம்போடு ஒட்டிய உடுப்பு, காலில் நரம்பு நரம்பாகத் தசை. நாற்பதாவது கிலோமீற்றரில் கெண்டைக்கால் பிடித்துவிட்டதென்று ஏறியவன், கம்பளிக்குள் சுருண்டு கிடந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தான்.

"அண்ணை, இந்தக் காத்துக்கு ஒருத்தரும் ஓடமாட்டினம்," என்றான்.

காற்று வடகிழக்கில் இருந்து, நேரே முகத்துக்கு. அந்தப் பக்கம் ஒரு மேடு இல்லை, ஒரு மறைப்பு இல்லை, சோளக்காடும் வானமும்தான். மற்ற ஏழு பேரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து, முறைவைத்து முன்னுக்கு வந்து போனார்கள். றோசலினும் லூயிஸ்வில்வரை அந்த வரிசையில் ஓடினாளாம். பிறகு தன்னால் அவர்கள் பிந்துகிறார்கள் என்று கண்டு, "நீங்கள் போங்கோ, என்ர வேகத்திலை நான் வாறன்," என்று கையைக் காட்டிவிட்டாளாம். அவர்கள் மறுத்ததற்கு அந்தக் கோயில் சாமான் சொல்லைச் சொன்னாளாம், போய்விட்டார்கள்.

நாலரை மணி இருக்கும். இன்னும் இருபத்துமூன்று கிலோமீற்றர். மழைக்குள் ஒற்றைச் சிவப்பு வெளிச்சம் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு போவது தெரிந்தது. வான் பதினைந்தில் போகிறது, அவள் பதின்மூன்றில் போகிறாள். கிட்டக் கிட்ட வந்தேன்.

"முந்துங்கோ, அண்ணை," என்றான் றெக்ஸ். "சூடா ஒரு கோப்பியாவது குடிக்கலாம்."

முந்த என் காலை ஒரு அங்குலம் அழுத்தினால் போதும். நான் கேட்ட மழை, நான் களவெடுத்த ஐம்பது நிமிடம், எல்லாம் கைக்குள் வந்துவிட்டது. அவள் திங்கட்கிழமை வேலையை விடுவாள், சூடாக வீட்டில் இருப்பாள், நான் நிம்மதியாக மூச்சுவிடுவேன். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்தில் ஒரு பாரலொறி போய், ஒரு குளத்தையே அள்ளி அவள்மேல் எறிந்தது. சைக்கிள் வளைந்து கரைக்குப் போய், புல்லுக்குள் சாய்ந்தது. நான் பிறேக்கை மிதித்துவிட்டுக் கதவைத் திறந்து ஓடினேன்.

அவள் எழும்பிவிட்டாள். முழங்கால் உரசி இரத்தம் மழையோடு வழிந்தது. லொறி போன திசையைப் பார்த்து அந்தச் சொல்லை மூன்று தரம் சொன்னாள். நான் சைக்கிளின் கைபிடியைப் பிடித்தேன்.

"போதும், றோசலின். ஏறும்."

"விடுங்கோ."

"விசர் வேலை பாக்காதேயும்! உம்மட உடம்புக்கு..."

"என்ர உடம்புக்கு என்ன?" என்று கத்தினாள். இருபத்தொன்பது வருடத்தில் அவள் என்னைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை. "எனக்கு வருத்தம் வந்தது நெஞ்சிலை. காலிலை இல்லை!"

"மழையைப் பாரும். காத்தைப் பாரும்."

"பாத்துக்கொண்டுதானே வாறன், காலமையிலை இருந்து! ஆறு தரம் மருந்து ஏத்தினாங்கள். ஞாபகம் இருக்கோ? ஆறு தரமும் சத்தி எடுத்து, நாக்கெல்லாம் வெந்து, சுவரைப் பிடிச்சுக்கொண்டு கக்கூசுக்குப் போனன். அப்ப எந்த வான் வந்து என்னை ஏத்தினது? சொல்லுங்கோ. நடுவிலை இறங்கிப் போக ஏலுமா இருந்ததோ? முழுக்க நான்தான் ஓடி முடிச்சன். அதை ஓடினவளுக்கு இந்தத் தண்ணியோ பெரிசு?"

மருந்து ஏற்றிய அறையில் நான் கதிரையில்தான் இருந்தேன். ஊசி ஏறியது அவள் கையில்.

"முந்தப்போறியள் எண்டா முந்துங்கோ," என்றாள். குரல் இப்போது இறங்கியிருந்தது. "அது விதி. நான் சொன்ன சொல்லு மாறமாட்டன், திங்கட்கிழமை வேலையை விடுறனெண்டு கடிதம் குடுக்கிறன். ஆனால் கையைப் பிடிச்சு ஏத்தாதேங்கோ. நானா ஏறமாட்டன்."

கைபிடியை விட்டேன். அவள் சைக்கிளை நிமிர்த்தி, செயினைக் கையால் மாட்டி, கறுத்த விரல்களைப் புல்லில் துடைத்துவிட்டு ஏறினாள். முதல் நாலு மிதி தள்ளாடியது. பிறகு அந்தச் சிவப்பு வெளிச்சம் காற்றுக்குள் தலையைக் குனிந்துகொண்டு போனது.

நான் வானில் ஏறினேன், உடுப்பெல்லாம் சொட்டியது. கியரில் கையை வைத்தேன். விதிப்படி நான் இப்போதே ஓட வேண்டும், ஓடினால் ஐந்து நிமிடத்தில் அவளை முந்திவிடுவேன். மெதுவாக ஓடினால் விதி மீறல், நீக்கிலாப்பிள்ளை அண்ணை அவள் ஓடியதைக் கணக்கில் எடுக்கமாட்டார். கண்ணாடிக்குக் கீழே காலையில் போட்ட ஜெபமாலை கிடந்தது. அதைப் பார்த்தேன். ஒருவேளை என் வாழ்நாளில் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

வானை இன்னும் கொஞ்சம் கரைக்கு எடுத்து, இஞ்சினை நிறுத்தி, நான்கு பக்கமும் மின்னும் மஞ்சள் வெளிச்சத்தைப் போட்டேன்.

"என்னண்ணை, சில்லோ?" என்று றெக்ஸ் கேட்டான்.

"இல்லை. செபம்."

"இப்பவோ?"

"இப்பதான். எழும்பி இரு. பிதாவுடைய, சுதனுடைய..."

அவன் கம்பளியை இறக்கிவிட்டு என்னைப் பைத்தியம் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஆனால் மன்னாரில் வளர்ந்த பிள்ளை, ஜெபமாலை தொடங்கினால் பாதிச் செபம் தானாக வாயில் வந்துவிடும். முதல் பத்து மணி முடிந்தது. மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது பத்தில் அவன் கண்ணாடியால் முன்னுக்கு எட்டிப் பார்த்தான். சிவப்பு வெளிச்சம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. என் முகத்தைப் பார்த்தான். கள்ளனுக்கு மெல்ல விளங்கியது.

"அண்ணை," என்றான், "கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோவன். ஏன் இந்த அவசரம்?"

ஆறுதலாகச் சொன்னோம். ஒவ்வொரு 'அருள் நிறைந்த மரியே'யையும் மென்று மென்று சொன்னோம். ஐம்பத்துமூன்றும் முடிய நான் சாவியில் கை வைத்தேன். றெக்ஸ் என் கையைப் பிடித்தான்.

"பிரார்த்தனையும் பாடுவமண்ணை. பாதியிலை விட்டா மாதா கோவிப்பா."

பிரார்த்தனையும் பாடினோம். அவன் குரல் நல்ல குரல் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். அரை மணித்தியாலம் நின்றது வான். பிறகு பதினைந்தில் ஓட்டினேன், ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வழி முழுக்க என் கண் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைத் தேடியது, தெரிந்துவிடுமோ என்று தேடியது. துறுவா-றிவியேர் நகரத்துக்குள் சிவப்பு வெளிச்சம் என்று நான் நெஞ்சைப் பிடித்ததெல்லாம் கடைப் பலகைகள். பாலத்தைத் தாண்டினேன், காணவில்லை.

மாதா கோயில் வாசலுக்கு வான் வந்து சேர்ந்தபோது ஆறரை. முன் வந்த ஏழு பேரும் கூரைக்குக் கீழே நின்றார்கள். எட்டாவது ஆள் கைபிடிமேல் குனிந்து, முழங்காலில் கைக்குட்டை கட்டி, உதடு நீலமாக நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நீக்கிலாப்பிள்ளை அண்ணை தாளும் பேனையுமாக நின்றார்.

"றோசலின் பிள்ளை ஆறேகாலுக்கு வந்திட்டா," என்றார் என்னிடம். "வான் ஆறுக்கெல்லோ வரவேணும்? சில்லுக்குக் காத்துப் போட்டுதோ?"

"இல்லையண்ணை. செபத்துக்கு நிண்டனாங்கள்."

அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். தன் கையாலேயே அடித்த விதி. "செபத்துக்கு நிக்கலாம்," என்று சொல்லிவிட்டு றோசலினின் பெயருக்கு நேரே சரி போட்டார்.

றோசலின் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன வேண்டுதலுக்குச் செபம் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது?

"காலமை கேட்டதைத் திருப்பி எடுக்கச் சொல்லி," என்றேன்.

"காலமை என்ன கேட்டனீங்கள்?"

"மழை."

அவள் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினாள். பிறகு, "தபர்நாக்," என்றாள், மாதா சுரூபத்துக்கு நேரே நின்று. நான் சிலுவை போட்டேன். றெக்ஸ் சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பிக்கொண்டான்.

"திங்கட்கிழமை நாலு மாடியும் நான்தான்," என்றாள்.

"ஓம்."

"காரும் வேண்டாம்."

"ஓம்."

"இப்ப கேளுங்கோ."

"என்னத்தை?"

"நெடுகக் கேக்கிறதை. கடைசித் தரம். இதுக்குப் பிறகு கேக்கப்படாது."

மழை என் கழுத்துக்குள்ளால் முதுகுவரை ஓடியது.

"என்ன செய்யுது, றோசலின்?"

"குளிருது," என்றாள். "அவ்வளவுதான்."